ஓடை ஆற்றைத் தொடும் இடம்: மலைநாட்டுப் பயணக் குறிப்புகள்

திங்கள், கம்பளை

பாடசாலை விடுமுறை தொடங்கிவிட்டது. கண்டியிலிருந்து பஸ்ஸில் கம்பளைக்கு வந்தேன். மச்சான் ஆட்டோவோடு தயாராக நின்றார். இந்த வாரம் எங்களுக்கு ஒரே வேலைதான். டித்வா புயல் மழையில் மலைகளிலிருந்து இறங்கிய கல்லும் மண்ணும் எங்கே போய்ச் சேர்ந்தன என்று ஊர் ஊராகப் போய்ப் பார்ப்பது. அன்றன்றைக்குப் பார்த்ததை அன்று இரவே இங்கே எழுதிப் போடுகிறேன்.

2025 நவம்பர் கடைசியில் வந்த அந்தப் புயல் இலங்கையில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்கள்தான் அதிகம் இழந்தன. அப்போது போனில் சுற்றிய படங்களில் எல்லாம் பச்சை மலையில் செம்மண் கீறல்கள். மலை எங்கே உடைந்தது என்றுதான் எல்லோரும் பார்த்தோம். உடைந்த இடத்தில் பெரும்பாலும் தேயிலையோ மானாப்புல்லோ காடோதான் இருக்கும். லயமும் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) கடையும் கோயிலும் இருப்பது, உடைந்தது வந்து நிற்கிற இடத்தில். மலைநாட்டில் அப்படிப்பட்ட இடங்களில் நிறைய, ஒரு சின்ன ஓடை ஆற்றில் விழுகிற வாய்தான். அந்த வாய்களைப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

கம்பளைக்கு மேலே கொத்மலை ஓயா மகாவலியில் சேர்கிறது. இரண்டுமே பெரிய ஆறுகள். இந்த மாதிரிச் சங்கமத்தில் மணலும் கூழாங்கல்லும் படியும், பெருவெள்ளம் வந்தால் கம்பளைக் கடைத்தெரு மூழ்கும். ஆனால் பெரும் பாறைகள் வந்து குவிவதில்லை. அதற்குக் குத்துச்சரிவில் இறங்கும் குட்டை ஓடை வேண்டும். வெயில் காலத்தில் செருப்பு நனையாமல் தாண்டிவிடலாம், வரைபடத்தில் பெயர்கூட இருக்காது. நாளைக்கு அப்படி ஒன்றைத் தேடிப் போகிறோம்.

செவ்வாய், இறம்பொடை

புசல்லாவ தாண்டி ஏறியதும் மூடுபனி. இறம்பொடை ஆஞ்சநேயர் கோயில் வாசலுக்கு வந்தபோது கொஞ்சம் விலகி, கீழே கொத்மலை நீர்த்தேக்கம் தெரிந்தது. 1985இல் அணை திறந்த பிறகு பள்ளத்தாக்கின் அடி தண்ணீருக்குள் போய்விட்டது. சுற்றிலும் உள்ள மலைமுகத்தில் மடிப்புக்கு ஒரு ஓடை. மச்சானின் சொந்தக்காரர்கள் இருக்கும் ஒரு தோட்டத்துக்குப் போனோம். தோட்டத்தின் பெயரை எழுதவில்லை, அவர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

லயத்துக்குக் கீழே தேயிலை மலை வழியாக இறங்கினால் ஆறு. ஓடை அதில் ஏறக்குறைய செங்கோணத்தில் வந்து விழுகிறது. விழுகிற இடத்தில் இப்போது இருப்பது ஒரு கல்மேடு. ஓடை வாயில் குறுகித் தொடங்கி, ஆற்றை நோக்கி அகன்று, விசிறி வடிவத்தில் பரந்து கிடக்கிறது. மேட்டின் மேல் ஏறி நின்றபோதுதான் அளவு புரிந்தது. லொறி அளவுப் பாறைகள், அவற்றுக்கு இடையில் தோலுரிந்த டேப்பன்டைன் மரங்கள், ஒரு தண்ணீர்க் குழாய், தகரம், வேரோடு வந்த தேயிலைச் செடிகள்.

இது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மலைநாட்டில் பாறைக்கு மேலே இருக்கும் மண் இரண்டு விதம். ஒன்று, அந்தப் பாறையே உக்கி மண்ணானது. மற்றது, பழைய காலத்துச் சரிவுகளில் வந்து மடிப்புகளிலும் அடிவாரங்களிலும் தங்கிப்போன கல்லும் மண்ணும் கலந்த குவியல். இந்த இரண்டாவது வகை இளகலானது. நாள் கணக்கில் பெய்யும் மழையைக் குடித்துக்கொண்டே இருக்கும். துணிக்கைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி எல்லாம் நீரால் நிரம்பி, அந்த நீரின் அழுத்தம் ஏற ஏற, ஒன்றை ஒன்று பிடித்து நிறுத்தும் உராய்வு குறைந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் பிடி விட்டுவிடும். சரிந்த மண் ஓடைக்குள் விழுந்து, அங்கே ஏற்கனவே ஓடும் வெள்ளத்தோடு கலந்தால் அது கல்சேற்று ஓட்டமாகிவிடுகிறது. வீடு கட்டும் இடத்தில் கலக்கும் கொங்கிரீட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: அந்தத் தடிப்பு, தண்ணீரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். வெறும் வெள்ளத்தால் அசைக்க முடியாத பாறையையும் அது தூக்கி வருவது இந்தக் கனத்தால்தான். வரும் வழியில் ஓடையின் அடியையும் இரண்டு கரைகளையும் வழித்து எடுத்துக்கொள்ளும். மேலே உடைந்தது ஒரு பாத்தி அளவுதான் என்றாலும் கீழே வந்து சேருவது ஒரு மலைச்சரிவே வந்த மாதிரி இருப்பது அதனால்.

ஓடும்போது பெரிய பாறைகள் மேலே வந்து, முன்னுக்குப் போய்விடும். பின்னால் வருவது சேறு. முகப்பில் உள்ள பாறைகளுக்கு நடுவே நீர் வடிந்துவிடுவதால் அங்கே உராய்வு அதிகம், பின்னால் உள்ள குழம்பு அதைத் தள்ளிக்கொண்டே வரும். முகப்பு பக்கவாட்டில் ஒதுக்கிப் போடும் கற்கள் ஓடையின் இரு கரையிலும் வரப்பு வைத்ததாக நிற்கும். இங்கே ஓடை ஓரமாக ஏறிப் போனோம். மச்சானின் இடுப்பு உயரத்துக்கு அந்த வரப்பு இருபுறமும் தொடர்ந்து வந்தது.

சரி, ஏன் ஆற்றங்கரையில் வந்து நின்றது? இரண்டு காரணம். சாய்வு குறைகிறது, திசை மாறுகிறது. அமெரிக்காவின் பசிபிக் வடமேற்கு மலைகளில் இதை ஆராய்ந்த லீ பெண்டா (Benda), டெரன்ஸ் கண்டி (Cundy) இருவரும் 1990இல் ஒரு எளிய விதி சொன்னார்கள்: ஓடையின் சாய்வு 3.5 பாகைக்குக் கீழே வந்தாலோ, ஓடை அடுத்த ஆற்றில் 70 பாகைக்கு மேற்பட்ட கோணத்தில் சேர்ந்தாலோ ஓட்டம் நின்று, கொண்டுவந்ததைப் போட்டுவிடும். செங்கோணத்தில் வந்து சேரும் ஓடையில் ஓட்டம் எதிர்க்கரையில் மோதி வேகத்தை இழக்கிறது. சாய்ந்த கோணத்தில் சேர்ந்தால் திரும்பிக்கொண்டு ஆற்றோடு இன்னும் தூரம் ஓடிவிடும். எந்த வாயில் மேடு உண்டாகும், எந்த வாயில் உண்டாகாது என்பதை வரைபடத்தைப் பார்த்தே ஓரளவு ஊகிக்கலாம். அந்த எண்கள் அந்த ஊர் மலைகளுக்கானவை, அப்படியே இங்கே ஒட்டவைக்கக் கூடாது. ஆனால் கோணமும் சாய்வும் செய்கிற வேலை எந்த மலையிலும் அதேதான்.

மேட்டுக்கு எதிரே போய் ஆற்றைப் பார்த்தோம். கல்மேடு ஆற்றை எதிர்க்கரைக்குத் தள்ளியிருக்கிறது. அந்தக் கரையில் புதிதாக அரித்த மண்முகம், அதன் விளிம்பில் தொங்கும் ஒரு வாழைத்தோட்டம். அங்கே சரிவு எதுவும் வரவில்லை. ஓடையில் வந்ததற்கு எதிர்வீட்டுக்காரர் காணி இழக்கிறார். மேட்டைத் தாண்டும் இடத்தில் ஆறு குறுகி, பாறைகளுக்கு மேலே வெள்ளையாக இறைந்து ஓடுகிறது. மேட்டுக்கு மேல்பக்கம் தண்ணீர் தேங்கி அகன்று, அடியில் நுண்மணல். சேறும் மணலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றோடு போய்விடும், பெரிய பாறைகளை ஆற்றால் நகர்த்த முடியாது. அதனால் மேடு காலப்போக்கில் சின்னதானாலும் அழிவதில்லை. அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில், கிராண்ட் கெனியனில் உள்ள பெரிய நீர்விரைவுகள் பெரும்பாலும் இப்படித்தான், பக்க ஓடைகளின் வாயில் உண்டானவை. அங்கே கிரிஸ்டல் ஓடையின் வாய் 1966 டிசம்பரில் வந்த ஒரே கல்சேற்று ஓட்டத்தில் ஆபத்தான நீர்விரைவாக மாறியது.

பக்கத்தில் இன்னொன்று இருந்தது, நான் அதிக நேரம் நின்றது அங்கேதான். புது ஓட்டம் ஓரமாக அரித்துவிட்டதில் பழைய மேட்டின் உள்பக்கம் ஆள் உயரத்துக்கு வெட்டுமுகமாகத் தெரிந்தது. மேலே, கூரான விளிம்புள்ள கற்கள்: பெரிதும் சிறிதும் கலந்து, அடுக்கு இல்லாமல், மண்ணுக்குள் புதைந்து நிற்கின்றன. ஆற்றுக் கற்கள் இப்படி இருக்காது. அவை வழுவழுப்பாக, அளவு பார்த்துப் பிரிந்து, தட்டைக் கற்கள் நீர் வரும் திசை நோக்கிச் சாய்ந்து கிடக்கும். இந்தக் கூரான கற்களுக்குக் கீழே ஒரு சாண் கருமண், அதில் உக்கிய வேர்கள். அந்தக் கருமண்ணுக்குக் கீழே மறுபடியும் அதே கூரான கற்கள். சிலதை உடைத்தால் உள்ளே சிவப்புக் கார்னட் மணிகள். மேலே மலையில் இருக்கிற அதே நைஸ் (gneiss) பாறை. அந்தக் கருமண் ஒரு காலத்தில் மேல்தரை. புல் முளைத்து, மரம் வளர்ந்து, வேர்விட்டு நின்றது. அது மூடப்படுவதற்கு முன்பே ஒரு சரிவு, மூடியது இன்னொன்று, இப்போது வந்தது அடுத்தது. இது 2025இல் உண்டான மேடு இல்லை. ஓடை தொடர்ந்து கட்டிவரும் மேடு.

அந்த மேட்டில்தான் தோட்டத்து ஆட்கள் மரக்கறி போட்டிருந்தார்கள். மாரியம்மன் கோயிலும் அங்கேதான் இருந்தது. காரணம் சுலபம்: செங்குத்தான மலையில் தட்டையாகக் கிடைக்கும் நிலம் இது மட்டுந்தான், தண்ணீரும் பக்கத்தில். தட்டையாக இருப்பதே சரிவு வந்து கொட்டியதால்தான்.

சாயங்காலம் லயத்தில் தேத்தண்ணி தந்தார்கள். வீட்டுப் பாட்டிக்கு எழுபது வயது தாண்டியிருக்கும். அன்று என்ன நடந்தது என்று கேட்டேன்.

“மழ விடாம ஊத்துது சேர். ஓடையில தண்ணி பொங்கிக்கிட்டு ஓடுது. திடீர்னு சத்தம் கொறஞ்சிருச்சு. வெளிய வந்து பாத்தா தண்ணி பாதிக்குக் கொறஞ்சு, சேத்து நெறத்துல போவுது. மழ நிக்கல, தண்ணி எப்படிக் கொறையும்? மேல எங்கயோ அடச்சிருக்குன்னு தெரிஞ்சு போச்சு.”

அவர் மருமகனை எழுப்பி, வரிசை வரிசையாகக் கதவைத் தட்டவைத்து, எல்லோரையும் மேட்டுப் பாடசாலைக்குக் கூட்டிப் போயிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் ஓடையின் மதகு உடைந்து ரோட்டோடு போனது. பாட்டி இதை யாரிடமும் படிக்கவில்லை. அவருடைய அம்மா சொன்னது என்றார். மழை பெய்யும்போதே ஓடையில் நீர் குறைவதும், நிறம் மாறுவதும் மேலே அடைப்பு விழுந்ததற்கான அடையாளம் என்று நிபுணர்களும் சொல்கிறார்கள். மேலே அடைத்துக்கொண்ட மண்ணும் மரமும் தேக்கிய தண்ணீர் ஒரேயடியாக உடைத்துக்கொண்டு வரும்போதுதான் பெரிய அலை. இந்த ஒரு விஷயம் ஒவ்வொரு தோட்டப் பாடசாலைச் சுவரிலும் எழுதியிருக்க வேண்டும்.

புதன், வெலிமடை

நுவரெலியா வழியாக வந்தோம். வழியில் நல்ல மழை, அதிகம் நடக்கவில்லை.

வெலிமடையில் உமா ஓயா. இங்கே நிலம் வேறு. உருளைக்கிழங்கு, கோவா, லீக்ஸ், போஞ்சி. சரிவுக்கு மேலிருந்து கீழாகப் பாத்தி கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு மழைக்கும் மேல்மண் கொஞ்சம் கொஞ்சமாக வழிந்து ஆற்றுக்கு வருகிறது. பாறை இல்லை, சத்தம் இல்லை, யாரும் ஓடித் தப்பவும் தேவையில்லை. ஆனால் வருடம் முழுக்க வரும் இந்த மண்ணும் நேற்றுப் பார்த்த மேட்டிலிருந்து அரித்துப் போன மண்ணும் போகிற பாதை ஒன்றுதான். ஒரு விவசாயியிடம் பேசினேன். குறுக்கே பாத்தி கட்டினால் தண்ணீர் நின்று கிழங்கு அழுகிவிடும் என்றார். அவர் சொல்வது பொய் இல்லை. குறுக்குப் பாத்தியோடு வடிகானும் வெட்டினால்தான் சரிவரும். அதற்குக் கூலி யார் தருவது?

மழைக்காலத்தைப் பற்றியும் ஒன்று. கொத்மலை, கினிகத்தேனைப் பக்கம் மே மாதம் தொடங்கி தென்மேற்குப் பருவமழையில் நனையும். வெலிமடை, பதுளை மலைகளுக்கு அக்டோபரிலிருந்து ஜனவரி வரைதான் அதிக மழை. இரண்டு பக்கத்திலும் ஓடைகள் உடையும் காலம் வேறு வேறு. டித்வா வந்தபோது அந்த வித்தியாசம் எல்லாம் பார்க்கவில்லை.

வியாழன், ரந்தம்பை

பதுளையில் தங்கிவிட்டுக் காலையிலேயே ரந்தம்பைப் பக்கம் இறங்கினோம். சூடு. நேற்றுப் போட்ட சுவெட்டரை மச்சான் சீட்டுக்கு அடியில் திணித்துவிட்டார்.

உமா ஓயா மகாவலியோடு சேர்வது ரந்தம்பை நீர்த்தேக்கத்தில். 1990இல் கட்டி முடித்த அணை அது. மேலே விக்டோரியா, ரந்தெனிகல என்று பெரிய தேக்கங்கள் இருப்பதால் மகாவலி தன் மண்ணில் பெரும்பகுதியை அங்கேயே விட்டுவிட்டு வருகிறது. உமா ஓயாவோ வெலிமடை மலைகளின் மண்ணோடு நேராக இங்கே வந்து விழுகிறது. ரந்தம்பை சின்னத் தேக்கம். மண் நிரம்பிவரும் பிரச்சினை அதற்கு நீண்ட காலமாகவே உண்டு. வேகமாக வரும் ஆறு தேங்கிய நீரைத் தொட்டதும் முதலில் சரளையைப் போடும், பிறகு மணலை, கடைசியில் நுண்சேற்றை. செவ்வாய்க்கிழமை பார்த்த மேட்டில் எதுவும் பிரியவில்லை, எல்லாம் ஒன்றாக விழுந்தது. இங்கே ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரிந்து படிகிறது. ஒன்று கல்சேற்று ஓட்டம், மற்றது வெறும் நீரோட்டம். படிந்து கிடப்பதைப் பார்த்தே எது வந்தது என்று சொல்லிவிடலாம்.

2024இல் திறந்த உமா ஓயாத் திட்டம் அந்த ஆற்று நீரில் ஒரு பங்கை புகுல்பொல, டயரபா அணைகளில் மறித்துச் சுரங்கம் வழியாகத் தெற்கே கிரிந்தி ஓயாவுக்குக் கொண்டுபோகிறது. இனி மேல்மலை மண்ணின் ஒரு பங்கு அந்த இரண்டு அணைகளுக்குப் பின்னாலும் தங்கும். தண்ணீரைத் திருப்பலாம், மண்ணுக்கும் ஒரு இடம் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

வெள்ளி, கொஸ்லந்தை

பண்டாரவளை, அப்புத்தளை, பெரகலை. பெரகலையில் திரும்பி இறங்கும்போது தெற்கே மலை அப்படியே அறுந்து விழுகிறது, கீழே வெல்லவாய சமவெளி வெயிலில் கிடக்கிறது.

மீரியபெத்தைக்குப் போகாமல் இந்தப் பயணம் முடியாது. 2014 அக்டோபர் 29 காலையில் இங்கே லயங்கள் மண்ணுக்குள் போயின. பிள்ளைகள் பாடசாலைக்குப் போயிருந்த வேளை. திரும்பி வந்தபோது சிலருக்கு வீடும் இல்லை, வீட்டில் இருந்தவர்களும் இல்லை. 2005இலும் 2011இலும் அந்த இடத்தை விட்டு மாறச் சொல்லித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. மாறுவதற்கு அந்த மக்களிடம் வேறு காணி இல்லை. தோட்டத்தில் பிறந்து, தோட்டத்துக்கே உழைத்து, நிற்கிற நிலம் தங்கள் பெயரில் இல்லாதவர்களிடம் ‘மாறுங்கள்’ என்றால் எங்கே மாறுவது? தப்பியவர்கள் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலையில் நீண்ட காலம் காத்திருந்த பிறகுதான் பூனாகலைப் பக்கம் வீடு கிடைத்தது. இப்போது அந்தச் சரிவில் மானாப்புல் ஆள் உயரம் வளர்ந்திருக்கிறது. விளக்கு ஏற்றினோம். அதற்கு மேல் இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

மத்தியானம் இன்னொரு தோட்டத்தில் மச்சானின் கூட்டாளி வீட்டில் சாப்பாடு. அவர்களுக்கு 7 பேர்ச் காணி தருவதாகப் பேச்சு நடக்கிறது, தனி வீடு கட்ட. லயத்தை விட்டு வெளியே வர மூன்று தலைமுறையாகக் காத்திருக்கும் குடும்பம். காணியைக் காட்டக் கூட்டிப் போனார்கள். ஆற்றோரம், தட்டையான இடம், பக்கத்தில் ஓடை.

நான் ஓடை வாய்க்குப் போனேன். வாய் குறுகி, நிலம் ஆற்றை நோக்கி விரிகிறது. ஆறு எதிர்க்கரையை ஒட்டி வளைந்து போகிறது. புல்லுக்குள் பாசி பிடித்த பெரிய பாறைகள். எதுவும் ஆற்றுக் கல் இல்லை, விளிம்பெல்லாம் கூர். மண்வெட்டி வாங்கி ஓரத்தில் கொஞ்சம் வெட்டிப் பார்த்தோம். முழங்கை ஆழத்தில் கூரான கற்கள், மண்ணுக்குள் சிதறி.

அவர் கேட்டார்: “அப்ப இது சரிவராதா சேர்?”

இந்தப் பாறைகள் மேலிருந்து வந்தவை, வந்த வழி இன்னும் திறந்துதான் இருக்கிறது என்று சொன்னேன். இனி எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. நூறு வருடம் வராமலும் இருக்கலாம். ஆனால் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 தாண்டினால் ஆயத்தமாக வேண்டும், 150 தாண்டினாலோ ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலோ வெளியேற வேண்டும் என்பது கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. புது வீட்டில் இருந்துகொண்டு ஒவ்வொரு பெருமழைக்கும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கா மூன்று தலைமுறை காத்திருந்தார்கள்?

அவருடைய மனைவி அதுவரை பேசாமல் நின்றவர், மலைப்பக்கம் கை காட்டினார். ஓடையிலிருந்து விலகி, நடுவில் ஒரு முகடு. பழைய தவறணை (தேயிலை நாற்றுமேடை) இருந்த இடமாம், தேயிலை கைவிடப்பட்டுக் கிடக்கிறது. தண்ணீர் எடுக்கக் கொஞ்சம் தூரம் நடக்க வேண்டும், ரோட்டுக்கும் ஏற வேண்டும். ஏறிப் பார்த்தோம். ஓடை பள்ளத்தில், நன்றாகக் கீழே. முகட்டில் வெடிப்பு இல்லை, மரங்கள் நேராக நிற்கின்றன, ஊற்றுக் கசிவும் தெரியவில்லை. நான் பார்த்து ‘நல்ல இடம்’ என்று சொன்னால் போதாது. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் வீடு கட்ட அந்த நிறுவனத்தின் பரிந்துரை வேண்டும். அதைத் தருவதற்கு முன் அவர்களே வந்து பார்ப்பார்கள்.

ராத்திரி அவருடைய மகள், உயர்தரத்தில் புவியியல் படிக்கிறவள், மனுவை எழுதினாள். ஆற்றோரக் காணிக்குப் பதிலாக முகட்டில் அதே 7 பேர்ச் வேண்டும் என்று. கீழே தனியாக ஒரு பந்தியில், ஓடை வாயில் வெட்டிப் பார்த்தபோது என்ன இருந்தது, பாறைகள் எந்தப் பக்கம் கிடக்கின்றன, ஆறு எங்கே வளைகிறது என்று படத்தோடு சேர்த்தாள். இன்னும் பதினொரு குடும்பத்துக்கு அதே ஆற்றோரத்தில் காணி காட்டியிருக்கிறார்களாம். நாளைக் காலை பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கூட்டிப் பிரித்துவிடும் நேரம்) முன்னாலேயே போய் அவர்களிடமும் கையெழுத்து வாங்கப் போகிறார்கள். திங்கட்கிழமை பதுளை அலுவலகத்துக்கு மச்சான் ஆட்டோவில் கூட்டிப் போவார்.